முந்நூறு மில்லிமீட்டர்

உடைந்த பிராக்கெட்டைக் கூட்ட அறையின் தரையில், ஒரு கோணிப்பையின் மேல் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆறேழு பேர் சுற்றி நின்றோம், சாவு வீட்டில் நிற்பது போல. அந்த இரும்புக்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூட, அது முறிந்து விழுந்ததில் இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கும் மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி அந்த அறையில் எழுந்தது ஒரே ஒரு கேள்விதான். நம்ம கம்பெனி ஆளா, ஒப்பந்த ஆளா? ஒப்பந்தம் என்று தெரிந்ததும் இரண்டு பேர் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

பிராக்கெட் என்பது பெரிய சமாசாரமில்லை. தூணிலிருந்து கை நீட்டியது போல வெளியே வரும் ஒரு தடித்த தகடு. அதன் நுனியில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் கனம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டுவார்கள், செயின் பிளாக்கில் பம்போ மோட்டாரோ தொங்கும். தகட்டைத் தூணோடு பிடித்துக்கொண்டிருப்பவை அதன் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு வெல்டிங் கோடுகள். மூன்று டன் எடையும் அந்த இரண்டு கோடுகளை நம்பித்தான். முந்தாநாள் காலை, இதை எங்களிடம் வாங்கிய தொழிற்சாலையில் பம்பைத் தூக்கும்போது அந்தக் கோடுகள் மேல்முனையிலிருந்து துணி கிழிவது போலக் கிழிந்து வந்துவிட்டன. செயின் இழுத்துக்கொண்டிருந்தவர் விலகி ஓட இடமில்லை.

எங்கள் கம்பெனியின் தரச் சோதனைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து, கிழிந்த விளிம்பில் பேனா முனையை வைத்தார்.

"இதோ பாருங்க சார். ஓட்டை. காத்து உள்ள மாட்டியிருக்கு. மூணு மில்லிமீட்டர் இருக்கும்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மிளகு அளவுக்கு ஒரு பொத்தல்.

"யார் அடிச்ச வெல்டு?" என்று கேட்டார், எங்களுக்குள் நாங்கள் ரப்பர் என்று சொல்லும் தலைவர்.

யார் என்று எல்லோருக்கும் தெரியும். வெல்டிங் கோட்டுக்குப் பக்கத்திலேயே 17 என்று குத்தியிருந்தது. எங்கள் ஷெட்டில் ஒரு வெல்டர் ஒரு மூட்டு வேலையை முடித்தால், எண் செதுக்கிய இரும்புப் பஞ்சை வைத்துச் சுத்தியலால் தன் எண்ணை அடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்தாலும் துருப் பிடித்தாலும் அந்த எண் போகாது. பதினேழு என்கிற ஆளை நிஜப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அவன் பெண்டாட்டியே வீட்டில் பதினேழு என்றுதான் கூப்பிடுகிறாள் என்று ஷெட்டில் கேலி செய்வார்கள்.

ரப்பர் எங்கள் டிசைன் பிரிவின் தலைவர். அவர் சட்டைப் பையில் எப்போதும் பென்சிலும் ரப்பரும் இருக்கும். வரைபடத்தில் எதை மாற்றச் சொல்வதாக இருந்தாலும் பென்சிலில்தான் எழுதுவார். வரைகிறவர் மாற்றி முடித்ததும் அந்தத் தாளை வாங்கி, எழுதியதை அழித்து, தூசியை ஊதிவிட்டுக் கோப்பில் வைப்பார். "தாள் சுத்தமா இருக்கணும்மா" என்பார். இத்தனை வருடத்தில் அவர் கையெழுத்துள்ள ஒரு திருத்தத்தைக்கூட நான் பார்த்ததில்லை. திருத்திய படத்தைச் சரிபார்த்துப் பேனாவில் கையெழுத்துப் போடுகிறவள் நான். மூட்டுகள் தாங்குமா என்று கணக்குப் போடுவது என் வேலை. பதினோரு வருடமாகப் போடுகிறேன். ஷெட்டில் எனக்குக் கணக்கம்மா என்று பெயர்.

"ரெண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிடும்மா" என்றார் ரப்பர். "கணக்கு சரி, வெல்டிங்தான் கோளாறு. நாளைக்குப் பத்து மணிக்கு அந்தத் தொழிற்சாலையோட பாதுகாப்பு அதிகாரி வர்றார். அவர் கையில குடுக்கணும்."

"பதினேழை?"

"பஞ்சைப் பிடுங்கியாச்சு. இனிமே அந்த நம்பர் நம்ம ஷெட்டுல கிடையாது."

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். ரிப்போர்ட்டுக்கு ஒரு படம் போட வேண்டுமே என்று நான் மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வெல்டிங் நீளம் இருநூறு மில்லிமீட்டர், சரி. வெல்டிங்கின் பருமன் ஆறு மில்லிமீட்டர். கேஜ் வைத்துப் பார்த்தேன், ஆறுக்கு மேலேயே இருந்தது. நல்ல கை. பிறகு தூணின் முகத்திலிருந்து கொக்கி ஓட்டை வரைக்கும் டேப்பை இழுத்தேன்.

நானூற்றைம்பது.

என் கணக்குத் தாளில் நூற்றைம்பது என்று இருந்தது. தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று மறுபடி இழுத்தேன். இரும்பு நீளுமா, சுருங்குமா? அதே நானூற்றைம்பதுதான்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள், தண்ணீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பாருங்கள். பிறகு அதே வாளியைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள். வாளியின் எடை ஒரு குவளைகூடக் கூடவில்லை, ஆனால் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். பிராக்கெட்டுக்கு அந்த வெல்டிங்தான் தோள்பட்டை. வெல்டிங்கின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் கணக்கு. தகைவு என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். எங்கள் விதிப்படி நூற்றுப்பத்துக்கு மேல் போகக் கூடாது. நூற்றைம்பது தள்ளி எடை தொங்கினால் எண்பத்திரண்டு வருகிறது. நல்ல கணக்கு, என் கணக்கு. நானூற்றைம்பது தள்ளித் தொங்கினால் இருநூற்று நாற்பத்திரண்டு. அதுவும் எடை அசையாமல் சும்மா தொங்கினால். செயின் பிளாக் வெட்டி வெட்டி இழுக்கும்போது என்ன ஆகும் என்பதைத் தரையில் கோணிப்பை மேல் கிடந்த தகடே சொன்னது.

எப்படி நடந்தது என்பது எனக்கு அங்கேயே ஞாபகம் வந்தது. ஏழு மாதம் முன்பு, அந்தத் தூணை ஒட்டி ஒரு குழாய் போகிறது, கொக்கி இடிக்கும் என்று சொன்னார்கள். ரப்பர் படத்தில் கொக்கியை முந்நூறு மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் பென்சிலில் எழுதினார். படம் மாறியது. என் மேஜைக்கு வந்தது. எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. திருத்திய படம் வந்தால் மூன்றைப் பார்ப்போம். எடை மாறியிருக்கிறதா? வெல்டிங் பருமன் மாறியிருக்கிறதா? வெல்டிங் நீளம் மாறியிருக்கிறதா? மூன்றும் மாறவில்லையென்றால் பழைய கணக்குத் தாளையே பின்னால் கோத்து, டிக் அடித்து, கையெழுத்து. மூன்றும் மாறவில்லை. நான் டிக் அடித்தேன். நீல மையில், அழகாக, தேதியோடு.

எட்டு மில்லிமீட்டர் பருமன், இருநூற்று எண்பது நீளம் என்று கொடுத்திருந்தால் தாங்கியிருக்கும். மூன்று வெல்டிங் ராடு கூடுதலாக உருகியிருக்கும். அவ்வளவுதான்.

பிராக்கெட் ஒன்றல்ல, எட்டு. மற்ற ஏழும் அந்தத் தொழிற்சாலைத் தூண்களில் இன்னமும் கை நீட்டிக்கொண்டுதான் நிற்கின்றன.

ரப்பரின் அறைக்குள் தாளை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகமில்லை.

"சார், கணக்குல நூத்தைம்பது. இரும்புல நானூத்தைம்பது."

அவர் தாளைத் தொடவில்லை. "யார் போட்ட கணக்கு?"

"நான்."

"திருத்தின படத்துல சரின்னு கையெழுத்து?"

"அதுவும் நான்தான். தள்ளி வைக்கச் சொன்னது நீங்க."

"அப்படியா? எங்க எழுதியிருக்கு?"

எங்கே எழுதியிருக்கும்? கோப்பில் தாள் சுத்தமாக இருந்தது.

"கோபப்படாதம்மா. உக்காரு. வெல்டிங்ல ஓட்டை இருக்கா, இல்லையா? நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்? இருக்கிறதை எழுது."

"மிளகு அளவு ஓட்டை இல்லாத வெல்டிங்கை எனக்குக் காட்டுங்க சார். அவ்வளவு இருக்கலாம்னு விதிப்புத்தகத்துலயே போட்டிருக்கு. அதைக் கணக்குல சேர்த்தா எண்பத்திரண்டு எண்பத்திநாலு ஆகும். அதுக்கா உடைஞ்சது?"

"இதெல்லாம் நமக்குள்ள பேசறது."

"சரி, மத்த ஏழு?"

"மாசக் கடைசில அவங்க மெஷினை நிறுத்துவாங்க. அப்ப ஆளை அனுப்பி, சத்தமில்லாம கீழ ஒரு முட்டு குடுத்துடலாம்."

"இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு சார். அதுவரைக்கும் அதுக்குக் கீழ நிக்கிறவன்?"

"எட்டுல ஒண்ணுதானே உடைஞ்சிருக்கு" என்றார் ரப்பர்.

இதை அவர் கத்திச் சொல்லவில்லை, கண்ணை உருட்டவில்லை. காய்கறியில் ஒன்று சொத்தை என்கிற மாதிரி சொன்னார். அதன் பிறகு குரலை இறக்கிக்கொண்டார்.

"அவன் வெல்டர்மா. இங்க இல்லேன்னா இன்னொரு ஷெட்டு. கையில தொழில் இருக்கு, பொழைச்சுக்குவான். நீ ஒரு டிப்ளமாவை வெச்சுக்கிட்டு, தப்பாக் கணக்குப் போட்டவள்னு பேரோட எங்க போய் நிப்ப? உனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காக! என் அப்பா கல் குவாரியில் வேலை செய்தார். ஆப்பு தெறித்து ஒரு கண் போனது. ஆப்புகளெல்லாம் தலை மழுங்கிப் பிளந்திருந்தன, மாற்றித் தாருங்கள் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே போன அறிக்கையில், 'தொழிலாளி குடித்திருந்தார்' என்று ஒரே வரி. என் அப்பா டீயைத் தவிர எதையும் குடித்தவரில்லை. அந்த ஒரு வரியை எழுதியவனும் யாரோ ஒருவனுடைய அறையில் உட்கார்ந்து, யாரோ உனக்காகச் சொல்கிறேன் என்று சொன்னதைக் கேட்டுத்தான் எழுதியிருப்பான். அவன் முகம் எப்படியிருக்கும் என்று சின்ன வயதில் ரொம்ப யோசித்திருக்கிறேன். என் முகம் மாதிரி இருக்கும் என்று தோன்றியதில்லை.

நான் நேரே ஷெட்டுக்கு இறங்கினேன்.

பதினேழு வெல்டிங் கசடைப் பெருக்கிக்கொண்டிருந்தான். பஞ்சைப் பிடுங்கியவர்கள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாளாக மற்றவர்கள் அவன் பக்கம் தண்ணீர் குடிக்கக்கூட வரவில்லை என்பது, அந்த மூலை கிடந்த கிடையிலேயே தெரிந்தது.

"வாங்க கணக்கம்மா. தள்ளி நில்லுங்க, புடவைல தூசி பட்டுடும். அப்புறம் அதுக்கும் என் நம்பரைத்தான் தேடுவாங்க."

"உன் வெல்டிங் மேல தப்பில்லை" என்றேன்.

"தெரியும்."

"என் கணக்கு மேலதான் தப்பு. நூத்தைம்பதுக்குப் போட்ட கணக்கு. நீ அடிச்சது நானூத்தைம்பது."

அவன் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. அதன் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். நெற்றியிலும் கழுத்திலும் பொறி பட்ட வடுக்கள்.

"இவ்வளவு நீளக் கைக்கு ஆறு எம்எம் போதுமான்னு அன்னைக்கே மேஸ்திரியைக் கேட்டேன்" என்றான். "கேட்டதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'கணக்கம்மா கையெழுத்து இருக்கு, நீ என்னடா பெரிய இன்ஜினியரா? படத்துல இருக்கிறதைப் போடு.' போட்டேன்."

அவன் விளக்குமாற்றைத் தரையில் ஒருமுறை தட்டினான்.

"கை நீளமா இருந்தா தோள் வலிக்கும்னு எனக்குத் தெரியுது. மூட்டை தூக்கறவனுக்குத் தெரியும். உங்களுக்கு எப்படி மேடம் தெரியாமப் போச்சு?"

"பார்க்கலை. பழைய தாளைக் கோத்துட்டேன்."

"கோத்துட்டீங்க." அவன் சிரித்தான். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு. "அந்த அண்ணனும் நானும் ஒரே வரிசை வீடு. ரெண்டு சுவர் தள்ளி. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் சம்சாரம் என் காலடியில துப்புனாங்க. 'என் புருஷன் இடுப்பை உடைச்சுட்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்தியா'ன்னு கேட்டாங்க. வார்டே வேடிக்கை பார்த்துச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தேன். ஏன் குனிஞ்சேன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்."

"நாளைக்கு அந்த அதிகாரிகிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. சொல்றது இருக்கட்டும், அந்த அக்காகிட்ட யார் சொல்றது?"

பதிலுக்குக் காத்திராமல் அவன் திரும்பிப் பெருக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருக்கு என் வேலையில் பாதி புரியாது, ஆனால் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். ரப்பரைத் திட்டினேன். அவருடைய பென்சிலைத் திட்டினேன். அந்த 'எட்டுல ஒண்ணுதானே' என்ற பேச்சைத் திட்டினேன். அவர் மூன்று பல் பூண்டை உரித்துத் தட்டில் போட்டார்.

"எல்லாம் சரி. நீ ஏன் அன்னைக்கே அளந்து பார்க்கலை?"

"ஏங்க, நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க என்ன கேக்கறீங்க?"

"வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி தினமும் பின்னாடி போய்ப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு குழந்தை உக்காந்திருக்குமோன்னு. பதினாலு வருஷமா ஒரு தடவைகூட யாரும் உக்காந்திருந்ததில்லை. அதுக்காகப் பார்க்காம எடுக்க முடியுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பூண்டுத் தட்டை எட்டி உதைத்திருப்பேன். அவர் சொன்னது உண்மை என்பதால் வந்த ஆத்திரம். செருப்பைக் கழற்றிச் சுவரில் அடித்தேன். அவர் எழுந்து அதை எடுத்து ஜோடி சேர்த்து வைத்தார்.

"வேலை போயிடுமா?" என்று கேட்டார்.

"போகலாம்."

"போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா அந்த ஏழு கீழயும் ஆளுங்க நிப்பாங்கன்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம் சொல்லாதேன்னும் வாய் வரலை" என்றார். சாப்பிட்டோம். அவர் சாப்பிட்டார், நான் பிசைந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தார். ரப்பர் பேசினார், தரச் சோதனைக்காரர் டார்ச் அடித்தார், மிளகுப் பொத்தல் மறுபடி எல்லோருக்கும் தரிசனம் தந்தது. 'குறிப்பிட்ட ஒரு வெல்டரின் கவனக்குறைவு' என்றார் ரப்பர். அந்த வெல்டரை விலக்கிவிட்டோம், அவர் அடித்தது எட்டில் இது ஒன்றுதான், மற்றவை வேறு ஆட்கள் அடித்தவை, எனவே கவலை வேண்டாம் என்றார். பூசி மெழுகுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"ரிப்போர்ட்?" என்று அதிகாரி கை நீட்டினார்.

நான் ஒரு தாளைக் கொடுத்தேன். அதில் மூன்று வரிகள்தான் இருந்தன. கொக்கி நூற்றைம்பதில், பொத்தல் இல்லாமல்: எண்பத்திரண்டு. கொக்கி நூற்றைம்பதில், பொத்தலோடு: எண்பத்துநான்கு. கொக்கி நானூற்றைம்பதில், பொத்தல் இல்லாமல்: இருநூற்று நாற்பத்திரண்டு. கீழே, அனுமதிக்கப்பட்ட அளவு நூற்றுப்பத்து.

அவர் ஒருமுறை படித்தார். டேப் கேட்டார். தரையில் மண்டியிட்டுத் தானே அளந்தார். எழுந்தபோது முழங்காலில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டவில்லை. முதலில் போனை எடுத்தார்.

"அந்த பிராக்கெட் தூண் வரிசை முழுக்க நிறுத்து. ஆமா, இப்பவே. செயின் பிளாக்கை எல்லாம் கழட்டச் சொல்லு. கீழ கயிறு கட்டு. ஒருத்தன் உள்ள போகக் கூடாது."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "திருத்தின படத்துல கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"நீளத்தை மாத்தச் சொன்னது?"

"இவர்."

"சார், படத்தைப் பாருங்க" என்றார் ரப்பர். "எங்கயாவது என் எழுத்து இருக்கா? பதினோரு வருஷம் அனுபவம் உள்ளவங்க, ஒரு அளவைக் கவனிக்காம விட்டுட்டாங்க. மனுஷங்கதானே. நாங்க உரிய நடவடிக்கை எடுப்போம்." ஒரு நிமிடத்தில் பழியைப் பதினேழின் தலையிலிருந்து எடுத்து என் தலையில் கட்டிவிட்டு, தன் தலையை அவர் தடவிக்கொண்டார்.

"நான் போட்ட கையெழுத்து என்னோடதுதான்" என்றேன். "அதை நான் மறைக்கலை. ஆனா நேத்து மத்தியானம் உங்ககிட்ட இந்தத் தாளைக் காட்டினேன். மத்த ஏழு என்னாகும்னு கேட்டேன். எட்டுல ஒண்ணுதானே உடைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. இதுக்கும் எழுத்து எங்கன்னு கேப்பீங்க. கேளுங்க."

தரச் சோதனைக்காரர் டார்ச்சை அணைக்க மறந்து கையில் வைத்திருந்தார். அதிகாரி ரப்பரைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரப்பர் அதே நாற்காலியில்தான் இன்றும் இருக்கிறார். எனக்கு விளக்கம் கேட்டு அன்று மத்தியானமே கடிதம் வந்தது, ரப்பரின் பேனாக் கையெழுத்தோடு.

பதினேழைக் கூப்பிட்டார்கள். அவன் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"உன் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு" என்றார் ரப்பர், தானே கண்டுபிடித்துச் சொல்கிற மாதிரி. "ஆனா அந்த ஓட்டை இருக்கு பாரு. ஒரு முறைக்காக, மறுபடி டெஸ்ட் குடுத்துட்டு நம்பரை வாங்கிக்க."

"குடுக்கறேன் சார். ஒரு தகடு எனக்குப் போடுங்க. பக்கத்துல ஒரு மேஜை உங்களுக்கும் போடுங்க."

"எனக்கு எதுக்கு?"

"உங்களுக்குப் பெருக்கல் தெரியுமான்னு பார்க்கத்தான். நான் அடிச்சு முடிக்கறதுக்குள்ள முந்நூறை மூணு டன்னால பெருக்கிக் காட்டுங்க. நான் தோத்தா விளக்குமாறு எனக்கு, நீங்க தோத்தா உங்களுக்கு."

அதிகாரி இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. டெஸ்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தரச் சோதனைக்காரர் இழுப்பறையைத் திறந்து பஞ்சை எடுத்து நீட்டினார். பதினேழு அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். நன்றி என்று அவனும் சொல்லவில்லை, மன்னிப்பு என்று அவர்களும் சொல்லவில்லை.

படிக்கட்டில் எனக்காக நின்றிருந்தான்.

"கிளம்புங்க."

"எங்க?"

"எங்கன்னு கேக்கறீங்களா? இங்க சொன்னா ஆச்சா? இவங்க என்னை நம்பினா எனக்கென்ன, நம்பாட்டி என்ன? அங்க வந்து சொல்லுங்க."

"நாளைக்கு..."

"நாளைக்கு இல்லை மேடம். மூணு ராத்திரி ரெண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க வீட்டு அழுகைச் சத்தத்தைக் கேட்டுட்டுப் படுத்திருக்கேன்."

அவனுடைய சைக்கிளை ஷெட்டிலேயே விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனோம். அவன் முன்னால் நின்றான், நான் பின்னால்.

எலும்பு முறிவு வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது. கட்டில்களுக்கு இடையே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். அவர் மல்லாந்து கிடந்தார். காலிலிருந்து ஒரு கயிறு போய்க் கட்டில் கம்பியைத் தாண்டித் தொங்கியது, நுனியில் எடைக்கல். என் கண் என்னை மீறி அந்தக் கல் எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்று பார்த்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பதினேழைக் கண்டதும் எழுந்தார்.

"மறுபடியும் வந்துட்டியா?"

"அக்கா, ஒரு நிமிஷம். இவங்க ஆபீஸ்ல கணக்குப் போடறவங்க. இவங்க சொல்றதைக் கேளுங்க."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தேன்.

"இவர் வெல்டிங் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். "அது தாங்குமான்னு பார்க்க வேண்டியது என் வேலை. அதோட நீளத்தை மாத்திட்டாங்க. நான் திரும்பக் கணக்குப் போடாம, பழைய கணக்குக்கே கையெழுத்துப் போட்டுட்டேன். அதனாலதான் உடைஞ்சது."

"நீளத்தை மாத்தினது யாரு?"

"எங்க மேலதிகாரி."

"அவர் வரலையா?"

"வரலை."

"வர மாட்டார்." அதை அந்த அம்மாள் கேள்வியாகச் சொல்லவில்லை. "உங்க கையெழுத்து இல்லாம அது மேல ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்காது."

பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடிப்பார், துப்புவார் என்று நான் நின்றேன். அவர் எதையும் செய்யவில்லை. கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து, வறண்ட உதட்டால் கேட்டார்:

"மத்த தூண்ல இருக்கறது? பசங்க இன்னைக்கும் அதுலதான் தூக்கறாங்களா?"

"இல்லை. காலையில நிறுத்திட்டாங்க" என்றேன்.

"நிறுத்திட்டாங்களா" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வார்டு ஆயா ஒரு பெட்பேன் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரண்டு பேர் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த அம்மாள் பதினேழைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் வா. தோளுக்கு அடியில கையைக் குடு. இழுக்காத, அப்படியே தாங்கிப் பிடி."

அவன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி ஓடினான். நானும் கால் பக்கம் பிடிக்கக் குனிந்தேன்.

"நீங்க வேண்டாம்" என்றார் அந்த அம்மாள். "நீங்க அந்தத் திரையை இழுத்து விட்டுட்டு வெளியில நில்லுங்க."

திரையை இழுத்தேன். அது பாதியில் மாட்டிக்கொண்டது. எட்டிப் பிடித்து வளையத்தைத் தள்ளி முழுக்க இழுத்துவிட்டு, நடைவழியில் போய் நின்றேன். உள்ளே அவர் ஒருமுறை அலறினார். "அவ்வளவுதான்ணே, அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று பதினேழு சொல்வது கேட்டது.